கொஞ்சம் செட்டில் ஆகட்டும்

பால் பூத்தைத் தாண்டி டிராம் பாதைப் பக்கம் திரும்பும்போது பின்னாலிருந்து மறுபடியும் குரல் வந்தது.

"டிரைவர்! ஒரு நிமிஷம் நில்லு! அந்த இன்ஜெக்‌ஷன்ல எனக்கு ஒரு சந்தேகம்!"

நான் நிற்கவில்லை. நின்றால் மாடியேறுவேன், ஏறினால் காப்பி வரும், காப்பி குடித்தால் இன்னொரு வருடம் போய்விடும். ஒரே ஒரு தடவை மட்டும் திரும்பிப் பார்த்தேன். முதல் மாடிப் பால்கனியில் சார் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். அவருக்குப் பின்னால், அவர் கண்ணில் படாமல், மாமி என்னைப் பார்த்துக் கையை வீசினாள். வடாம் காயும் இடத்தில் காக்காயை விரட்டுவார்களே, அப்படி. போ, போ.

டீக்கடை பெஞ்சில் இருந்தவர்களும் பார்த்துவிட்டார்கள். "காடி கொத்தாய், தாதா?" என்று ஒருவன் வழக்கம்போலக் கேட்டான். கார் எங்கே அண்ணா என்று அர்த்தம். ஒரு வருடத்துக்கு மேலாக அந்தத் தெருவே என்னை அப்படித்தான் விசாரித்தது. அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. நான் அந்த வீட்டு டிரைவர். அந்த வீட்டில் கார் கிடையாது.

எட்டாம் வகுப்போடு நானும் பள்ளிக்கூடமும் ஒருவரையொருவர் விட்டுவிட்டோம். அதற்கப்புறம் எத்தனையோ வேலை. மீன் பெட்டிக்கு ஐஸ் உடைத்தேன். லாரியில் கிளீனராகப் போய் டிரைவராக இறங்கினேன். சொல்லிவிட்டு நின்றவை சில, சொல்லாமல் ஓடிவந்தவை பல. கல்கத்தா கிடர்பூரில் லாரி முதலாளி லாரியையும் என்னையும் ஒரே நாளில் கைகழுவினார். துறைமுகத்துக்கு வெளியே கைவண்டிகளில் படுத்துக்கொண்டிருந்தேன். கைவண்டியில் தூங்குவது ஒன்றும் கஷ்டமில்லை, சரக்கு ஏற்ற வருகிறவன் எழுப்பும் விதம்தான் கஷ்டம்.

அங்கேதான் சார் என்னைப் பிடித்தார். ஒரு கைவண்டிக்காரன் என் காலில் சக்கரத்தை ஏற்றிவிட்டான். நான் அவனுடைய பரம்பரையைப் பற்றித் தமிழில் விரிவாக எடுத்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். வங்கி வேலையாக அந்தப் பக்கம் வந்த சார், ஓரமாக நின்று முழுக்கக் கேட்டார். நெற்றியில் சின்னக் கீற்றாக விபூதி, சட்டைப் பையில் பேனா, கையில் குடை. நான் முடித்ததும் பக்கத்தில் வந்தார்.

"உனக்கு லைசென்ஸ் இருக்கா?"

"திட்டறதுக்கா சார்?"

"வண்டி ஓட்டறதுக்கு."

"லாரியே ஓட்டுவேன்."

"நம்மாத்துல கார் ஓட்டறியா? தமிழ் தெரிஞ்ச டிரைவர் கல்கத்தாவுல கெடைக்க மாட்டேங்கறான்."

"என்ன கார் சார்?"

அவர் முகம் மலர்ந்தது. இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர் போல இருந்தார். "அதான் இன்னும் முடிவாகலை" என்றார்.

டிரைவர் கிடைப்பதுதான் கஷ்டம், கார் எப்போது வேண்டுமானாலும் கிடைக்கும் என்பது அவருடைய கணக்கு. காளிகாட்டில் அவர் வீட்டு மாடிப்படிக்குக் கீழே ஒரு சின்ன அறை கொடுத்தார். சாப்பாடு மேலே. சம்பளம் முதல் தேதி தவறாமல் வந்தது. இப்படி ஒரு வேலை யாருக்கும் வாய்க்காது என்றுதான் நானும் நினைத்தேன். பெஞ்சில் சும்மா உட்கார்ந்து சம்பளம் வாங்குவதில் முதுகு எப்படி வலிக்கும் என்பது போகப்போகத்தான் தெரிந்தது.

அந்தக் காலத்தில் நடுத்தரக் குடும்பங்களுக்குக் கார் என்றால் அந்தச் சின்ன எண்ணூறு சி.சி. வண்டிதான். அதில் அப்போது இரண்டு விதம் வந்துகொண்டிருந்தது. வெளியே பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், வித்தியாசம் பானெட்டுக்குள்ளே. பழைய எஞ்சினில் கார்புரேட்டர். பெட்ரோலையும் காற்றையும் கலந்து ஊட்டுகிற சின்ன இரும்புச் சாமான். அடைத்துக்கொண்டால் எந்தச் சந்து மெக்கானிக்கும் கழற்றி, வாயால் ஊதி, திரும்ப மாட்டிவிடுவான். புது எஞ்சினில் இன்ஜெக்‌ஷன் என்று பெயர், அந்த வேலையை ஒரு கம்ப்யூட்டர் பார்த்தது. குளிர்காலக் காலையில் சோக்கை இழுத்துக்கொண்டு மல்லுக்கட்ட வேண்டாம். புகை குறைவு, பெட்ரோலும் மிச்சம். ஆனால் கெட்டுப்போனால் யாரும் ஊத முடியாது.

"ஊத முடியாத சாமானை நம்பலாமா, டிரைவர்?" என்று திங்கட்கிழமை கேட்பார்.

"நம்பக் கூடாது சார். பழசே வாங்கிடுங்க."

செவ்வாய்க்கிழமை, "ஊதி ஊதி ஓட்டறதுக்கு அது என்ன விறகடுப்பா?" என்பார்.

"இல்லை சார். புதுசே வாங்கிடுங்க."

"அவசரப்படாதே. வந்து கொஞ்ச நாள்தான் ஆறது. கொஞ்சம் செட்டில் ஆகட்டும்."

செட்டில் ஆகட்டும். அந்த ஆளை ஒரு வார்த்தையில் வரையச் சொன்னால் இதைத்தான் வரைவேன். கேஸ் அடுப்பு செட்டில் ஆகட்டும் என்று ஊரெல்லாம் கேஸ் வந்தபிறகும் மாமியை ஸ்டவ்வில் திரி மாற்ற வைத்தவர். கலர் டிவி செட்டில் ஆகட்டும் என்று கறுப்பு வெள்ளையில் கிரிக்கெட் பார்த்தவர். எதிர் வீட்டுக்காரர்கள் டில்லிக்கு மாறிப்போகும்போது பாவப்பட்டுத் தங்கள் கலர் டிவியைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். "பாத்தியா, பொறுத்தா எப்படி வர்றது!" என்று அதற்கும் பெருமை.

இதில் வேடிக்கை, மற்றவர்கள் விஷயம் என்றால் அவருக்கு யோசனையே வேண்டாம். வங்கியில் அவர் மேஜையில் ஒரு கடன் விண்ணப்பமும் தூங்காது என்று அங்கிருந்த பியூன் என்னிடம் சொல்லியிருக்கிறான். கீழ் வீட்டு வங்காளி டாக்டர் ஒருநாள் படியில் நிறுத்தி, பழைய எஞ்சினா புது எஞ்சினா என்று கேட்டார். சார் செருப்பை மாட்டிக்கொண்டே, "நியூ. டோன்ட் திங்க்" என்றார். டாக்டர் யோசிக்கவே இல்லை. அடுத்த வாரம் நீல நிறத்தில் வண்டி வந்து நின்றது.

அதன்பின் தினமும் காலையில் சார் பால்கனியிலிருந்து விசாரிப்பார். "டாக்டர்பாபு, எனி பிராப்ளம்?"

"நோ பிராப்ளம், தாதா."

"மார்னிங்ல இருமறதா? ஜெர்க் இருக்கா?"

"நத்திங், தாதா. ஃபர்ஸ்ட் கிளாஸ்."

சார் உள்ளே வந்து என்னிடம் தணிந்த குரலில் சொல்வார்: "சொல்ல மாட்டேங்கறார். ஏதோ இருக்கு."

டிரைவர் வேலை என்று எனக்குச் சில கடமைகள் இருந்தன. காளிகாட் மெட்ரோ வாசல் வரை அவர் பையைத் தூக்கிக்கொண்டு கூடவே நடப்பேன். வழியில் பார்க்கும் எண்ணூறுகளில் எது பழையது எது புதியது என்று சத்தத்தை வைத்துச் சொல்ல வேண்டும். யாரைப் பார்த்தாலும் "என் டிரைவர்" என்று அறிமுகம் செய்வார். அவர்கள் என்னைப் பார்ப்பார்கள், பிறகு எனக்குப் பின்னால் காரைத் தேடுவார்கள்.

ஆயுத பூஜைக்கு எல்லா வண்டியும் மாலை போட்டுக்கொண்டு நின்றபோது சார் மனம் தாங்கவில்லை. ஸ்வாமி அலமாரிக்கு முன்னால் பழைய எஞ்சின் விளம்பரத் தாளை இடது பக்கமும் புது எஞ்சின் தாளை வலது பக்கமும் வைத்து, நடுவில் என் லைசென்ஸை வைத்தார். மூன்றுக்கும் சந்தனம், குங்குமம். கற்பூரம் காட்டும்போது இரண்டு தாளுக்கும் சமமாகக் காட்டினார். எலுமிச்சம்பழத்தை நசுக்கத்தான் சக்கரம் இல்லை. மாமி அதைப் பிழிந்து எனக்கு ஜூஸ் போட்டுக் கொடுத்தாள். லைசென்ஸில் என் போட்டோவின் நெற்றியில் அந்தக் குங்குமக் கறை கடைசி வரை போகவில்லை.

மழைக்காலத்தில் காளிகாட் சந்துகளில் தண்ணீர் நிற்கும். புது எஞ்சினின் கம்ப்யூட்டர் டாஷ்போர்டுக்குக் கீழே கால் வைக்கிற பக்கத்தில் இருக்கிறது என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அவ்வளவுதான், வேட்டியைத் தொடை வரை மடித்துக் கட்டிக்கொண்டு, குடையும் கையில் ஒரு ஒட்டடைக் கம்புமாகத் தெருவில் இறங்கினார். என்னையும் இறக்கினார். நான் கம்பை நட்டுப் பிடிக்க வேண்டும், அவர் குனிந்து தண்ணீர் மட்டத்தில் சுண்ணாம்பால் கோடு போடுவார்.

சட்டையில்லாமல் ஜன்னலில் நின்ற ஒரு பெரியவர் வங்காளத்தில், "என்ன அளக்கறீங்க, தாதா?" என்றார்.

"கார் முழுகுமான்னு பார்க்கிறேன்" என்றார் சார், அதே மொழியில்.

"காடி கொத்தாய்?"

"இன்னும் வாங்கலை."

பெரியவர் கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்படின்னா முழுகாது" என்று சொல்லி ஜன்னலைச் சாத்திக்கொண்டார்.

இதையெல்லாம் நான் சிரித்துக்கொண்டே பார்த்திருப்பேன், மாமியின் முழங்கால் மட்டும் இல்லாவிட்டால்.

மாமிக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்துபோயிருந்தன. படியில் பக்கவாட்டில்தான் இறங்குவாள், நண்டு மாதிரி. மாமியின் அக்கா கரக்பூரில் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தாள். அக்கா வீட்டுக்காரர் ரயில்வேயில் பெரிய உத்தியோகம். சீக்கிரம் ரிட்டயராகப் போகிறார், ஆனதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்துகொண்டு திருச்சியோடு போய்விடுவார்கள். அதற்குள் ஒரு தடவை கரக்பூர் போய் அக்காவோடு நான்கு நாள் இருந்துவிட்டு வர வேண்டும். மாமிக்கு இருந்த ஆசை இந்த ஒன்றுதான். ஹௌரா ஸ்டேஷன் கூட்டத்தில் அவளால் நிற்க முடியாது. கரக்பூர் பிளாட்பாரமோ முடிவே இல்லாதது, அதற்கு மேல் ஓவர்பிரிட்ஜ் வேறு. கார்தான் வழி.

"ஒரு டாக்ஸி வெச்சுண்டு போயிட்டு வரலாமே" என்று கேட்டால் சாருக்குக் கோபம் வரும். "ஆத்துல டிரைவரை வெச்சுண்டு டாக்ஸியில போறதாவது? பாக்கறவா என்ன சொல்லுவா? நம்ம கார்லயே ஜம்முனு போலாம். டிரைவர் ரெடியா இருக்கான் பாரு."

நான் ரெடியாகத்தான் இருந்தேன். நான் வருவதற்கு முன்னால் அவர்கள் மாதத்துக்கு நாலு தடவையாவது டாக்ஸி ஏறியிருக்கிறார்கள். நான் வந்தபிறகு அதுவும் நின்றுபோனது. ஒரு வீட்டுக்கு டிரைவராகப் போய் அந்த வீட்டையே நடக்க வைத்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அக்கா ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்வாள். மாமி கேட்டுக்கொண்டே சிரிப்பாள். ரிசீவரை வைத்தபிறகு அந்தச் சிரிப்பு இருக்காது. ஒருநாள் கீரை ஆய்ந்துகொண்டே என்னிடம் சொன்னாள்.

"அக்கா என்ன கேக்கறா தெரியுமா? 'உன் ஆத்துக்காரர் இன்னும் யோசிச்சிண்டேதான் இருக்காரா?'ன்னு. இருபத்தஞ்சு வருஷமா இதே கேள்வி."

"காருக்கா மாமி?"

"காரு இப்ப வந்தது. உங்க சார் மொதல்ல பொண்ணு பாக்க வந்தது என்னையில்லை, அக்காவை. பஜ்ஜி, சொஜ்ஜி எல்லாம் சாப்ட்டுட்டு, யோசிச்சுச் சொல்றேன்னு போனார். அவர் யோசிச்சிண்டே இருந்தார், ரயில்வேக்காரர் வந்தார், பாத்தார், அன்னிக்கே சரின்னுட்டார். இவர் ஆறு மாசம் கழிச்சு, பரவாயில்லைன்னு தோணறதுன்னு லெட்டர் போட்டார். அப்பா பாத்தார், மூத்தவ போயிட்டா, சின்னவ இருக்கான்னு பதில் எழுதினார்."

சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் நான் கீரைத் தண்டைப் பார்த்தேன். மாமியே சிரித்தாள். "நான் புது எஞ்சின்" என்றாள். "இன்னும் செட்டில் ஆகலை."

அப்போதுதான் எனக்கு ஒன்று புரிந்தது. கரக்பூர் என்று சொன்னாலே சார் ஏன் செய்தித்தாளை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொள்கிறார் என்பது.

அந்த வருடத்தில் நான் ஸ்டியரிங்கைத் தொட்டதெல்லாம் ஷோரூம் வண்டிகளில்தான். இரண்டு எஞ்சினையும் மாற்றி மாற்றி ஓட்டிப் பார்ப்போம். சார் பின் ஸீட்டில் ஒரு டம்ளர் நிறையத் தண்ணீர் வைத்துக்கொண்டு உட்கார்ந்து, எது அதிகம் சிந்துகிறது என்று பார்ப்பார். ஷோரூம் பையன்கள் எங்களைத் தூரத்தில் கண்டதுமே டீ குடிக்கப் போய்விடுவார்கள். ஒரு தடவை மாமியையும் அழைத்துப் போனோம். அன்றைக்குப் புது எஞ்சின். சேத்லா பாலத்தில் ஏறும்போது வண்டி மூச்சு வாங்காமல் ஏறியது. மாமி கண்ணாடியை இறக்கிவிட்டுக் காற்றில் முகத்தை வைத்திருந்தாள்.

"இப்படியே கரக்பூர் போயிடேன்பா" என்றாள்.

முன் ஸீட்டில் இருந்த விற்பனைக்காரர் தமிழ் புரியாமல் என்னைப் பார்த்தார். நான் மொழிபெயர்த்தேன். அவர் சத்தமாகச் சிரித்தார். கண்ணாடியில் பார்த்தேன், மாமி சிரிக்கவில்லை. சார் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு அந்த அறிவிப்பு வந்தது. புகைக் கட்டுப்பாட்டுக்காக, இன்ன தேதிக்கு மேல் பழைய எஞ்சின் வண்டிகளை நகரத்தில் புதிதாகப் பதிவு செய்ய முடியாது. ஷோரூமிலிருந்து கடைசி வண்டி ஒன்று இருக்கிறது, வேண்டுமா என்று போன் செய்து கேட்டார்கள். சார் பூச்சி மருந்து குடித்தவர் மாதிரி வீட்டுக்குள் நடந்தார். தேதி வந்தது. தேதி போனது. கடைசி வண்டியைப் பக்கத்துத் தெரு மிட்டாய்க் கடைக்காரர் எடுத்துப் போனார்.

மாமி அன்று பாயசம் வைத்தாள். "நல்லதாப் போச்சு. இனிமே ஒண்ணுதான் இருக்கு. நாளைக்கே போய்ப் புதுசை எடுத்துண்டு வந்துடுங்கோ. அத்திம்பேர் இந்த மாசம் ரிட்டயர் ஆறார்."

சார் பாயசத்தை முழுவதும் குடித்தார். டம்ளரைக் கீழே வைத்தார்.

"அது எப்படி? ரெண்டு இருந்தா இதுவா அதுவான்னு பாக்கலாம். ஒண்ணே ஒண்ணை வெச்சுண்டு எப்படித் தேர்ந்தெடுக்கறது?" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "டிரைவர், நாளைலேர்ந்து செகண்ட் ஹாண்ட்ல பழைய எஞ்சின் எங்கெங்க வர்றதுன்னு பாரு. அதையும் இதையும் கம்பேர் பண்ணணும்."

மாமி பாயசப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள், பக்கவாட்டில்.

மறுநாள் மத்தியானம் சார் பால்கனியில் டாக்டரின் வண்டியைக் கவனித்துக்கொண்டிருந்தபோது என்னைச் சமையலறை வாசலுக்குக் கூப்பிட்டாள்.

"நீ வேலையை விட்டுடு."

"நான் என்ன தப்பு பண்ணினேன், மாமி?"

"நீ ஒண்ணும் பண்ணலை. நீ இருக்கறதுதான் தப்பு. நீ இருக்கற வரைக்கும் அவருக்குக் கார் பாதி வந்துடுத்து. நீ போயிட்டா கார் இல்லைன்னு ஆயிடும். கார் இல்லைன்னா டாக்ஸி கூப்பிடலாம்." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நாளைக்குக் காத்தால வாசல்ல ஒரு டாக்ஸி நிக்கணும். யார் ஓட்டினாலும் சரி. தமிழ் தெரிஞ்சவனா இருந்தா கரக்பூர் வரைக்கும் பேச்சுத் துணைக்கு ஆகும்."

அறைக்குப் போய்ப் பையைக் கட்டினேன். மேலே போய் சாரிடம் சொல்லிக்கொண்டேன். அவர் நம்பவில்லை. "கார் வர்ற நேரத்துல போறியே!" என்றார். உண்மையாகவே அவர் கண் கலங்கியது. இன்னும் ஒரு வார்த்தை பேசினால் என்னுடையதும் கலங்கும் என்று படியிறங்கினேன். கேட்டைத் தாண்டியதும்தான் அந்த இன்ஜெக்‌ஷன் சந்தேகம் அவருக்கு வந்தது.

டிராமில் ஏறி கிடர்பூர் போனேன். பழைய கைவண்டி ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு பிகாரிக்காரர் மஞ்சள் டாக்ஸிகளை நாள் வாடகைக்கு விடுவார், என்னைத் தெரியும். விடியட்டும், வா என்றார். விடிந்ததும் போனேன். கொட்டகையில் இரண்டு டாக்ஸி நின்றன. ஒன்று பழைய பெட்ரோல் எஞ்சின், இன்னொன்றில் புதிதாக டீசல் எஞ்சின் மாட்டியிருந்தார்.

"எது வேணும்?" என்று இந்தியில் கேட்டார்.

"எது கிளம்புதோ அது" என்றேன்.

டீசல் கிளம்பியது. காளிகாட்டுக்கு ஓட்டிக்கொண்டு வந்தேன். டீக்கடை பெஞ்சில் எல்லோரும் எழுந்து நின்றார்கள். முதல் தடவையாக யாரும் காடி கொத்தாய் என்று கேட்கவில்லை. மாமி பட்டுப்புடவையில், மடியில் முறுக்கு டப்பாவோடு, கீழ்ப்படியிலேயே உட்கார்ந்திருந்தாள். கையைப் பிடித்துப் பின் ஸீட்டில் ஏற்றினேன்.

சார் வாசலில் நின்றார். பேன்ட்டும் சட்டையும் போட்டிருந்தார், காலில் செருப்பு இல்லை. பாதி கிளம்பியவர் மாதிரி இருந்தது. டாக்ஸியை ஒரு சுற்று சுற்றிவந்தார். "டிரைவர், இது என்ன எஞ்சின்? பானெட்டைத் திற."

"ஏறறதுன்னா ஏறுங்கோ, இல்லேன்னா மேல போங்கோ" என்றாள் மாமி. "எனக்கு எதுன்னாலும் சரி."

அவர் மாடியைப் பார்த்தார், டாக்ஸியைப் பார்த்தார். நான் எஞ்சினை உறும விட்டேன், வண்டி ஓரடி நகர்ந்தது. செருப்பில்லாமலேயே முன் கதவைத் திறந்து என் பக்கத்தில் விழுந்தார்.

பிரதான சாலைக்கு வந்ததும் மூச்சு வாங்கிக்கொண்டு, "எந்தப் பாலம் வழியாப் போறே?" என்றார்.

"நீங்க சொல்லுங்க சார்."

"பழைய பாலத்துல ஜாம் இருக்கும். ஆனா பழகின பாலம். புதுப் பாலம் கட்டி இன்னும் பத்து வருஷம் ஆகலை. காத்து வேற அடிக்கும். ஆனா நேரா ஹைவேயில கொண்டு விட்டுடும். அதே சமயம் பழைய பாலத்துல..."

அவர் பேசிக்கொண்டே இருந்தார். நான் சக்கரம் போன வழியில் விட்டேன். கொஞ்ச நேரத்தில் புதுப் பாலத்தின் உச்சியில் இருந்தோம். கீழே ஹூக்ளி, காலை வெயிலில் படகுகள். வலது பக்கம் தூரத்தில் பழைய பாலம் சாம்பல் நிறத்தில் தெரிந்தது. சார் பேச்சை நிறுத்திவிட்டு அதையே பார்த்தார்.

"அதுல போயிருக்கலாமோ?" என்றார்.

பின் ஸீட்டிலிருந்து மாமி, முறுக்கு டப்பாவைத் திறந்துகொண்டே சொன்னாள்:

"கரக்பூர் வந்ததும் அக்காவைக் கேட்டுக்கோங்கோ."